இந்த வாரம் யார் அடுப்பு?

ஒர்லித்சா
1985 பிப்ரவரி 11
(தபாலில்)

அன்புத் தம்பி லியூபெனுக்கு,

நான் சுகம். முழங்கால் மட்டும் குளிருக்குப் புலம்புகிறது, அதன் புலம்பலை நான் காதில் வாங்குவதில்லை. நீயும் இவாங்காவும் குழந்தைகளும் சளி, இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஊரில் சொல்லும்படி ஒன்றுமில்லை. ஜனவரி முழுக்கப் பாதை அடைத்துக் கிடந்ததால் உன் கடிதம் தாமதமாக வந்தது. எல்லாருக்கும் புது அடையாள அட்டை கொடுக்கிறார்கள், ஃபோட்டோக் கடைக்காரருக்கு நல்ல வேட்டை.

பள்ளியில் ஒரு புது முறை தொடங்கியிருக்கிறேன். உழைப்பின் மதிப்பை மாணவர் உணர வேண்டும் அல்லவா? திங்கள் காலையில் வகுப்புக்கு வகுப்பு ஒரு தொப்பியில் சீட்டுப் போடுகிறோம். அடுப்பு, ஜன்னல், மணி, வரைபடம், தண்ணீர், சாக்குக்கட்டி இப்படி. யாருக்கு எது வருகிறதோ அந்த வாரம் அவருக்கு அந்த வேலை. அவரைக் கூப்பிடுவதும் அந்த வேலையைச் சொல்லித்தான். "அடுப்பு, எழுந்து மூன்றாம் கேள்விக்குப் பதில் சொல்" என்கிறேன். உழைப்பே மனிதனின் முதல் முகவரி என்று பிள்ளைகள் கற்கிறார்கள். தலைமையாசிரியை ஆயிற்றே என்று எனக்கும் சலுகை கிடையாது. முதல் வாரம் எனக்கு வந்தது குப்பைக்கூடை.

இவாங்காவுக்கு என் முத்தங்கள். கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறேன், ஒன்று முடிந்தது.

உன் அக்கா,
நெவேனா


சோஃபியா
1985 மார்ச் 6
(தபாலில்)

என் அருமை அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். சின்னவனுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது. உன் முழங்காலுக்கு உப்பை வறுத்து ஒத்தடம் கொடு, அம்மா செய்வாளே, அது போல. மார்ச் முதல் தேதிக்குக் கையில் கட்டிக்கொள்ளச் சிவப்பும் வெள்ளையுமாக நூல் இத்துடன் வைத்திருக்கிறேன், பிந்தியதற்கு மன்னித்துக்கொள். முதல் பூ பூத்த மரத்தைப் பார்த்ததும் அதில் கட்டிவிடு.

இப்போது உட்கார்ந்துகொள். உன் கடிதத்தை எங்கள் பத்திரிகை ஆசிரியரிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். "லியூபென், பத்து வருஷமா ஆசிரியர்களுக்குப் பத்திரிகை போடுறோம், உருப்படியா ஒரு புது யோசனை வந்திருக்கா? இத்தனை நாளா இந்த அம்மாவை எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தே?" என்றார். இந்த வார இதழில் இரண்டாம் பக்கம் முழுக்க நீதான். உன் பழைய படம்கூடப் போட்டோம், தலைமுடி எல்லாம் கறுப்பாக இருந்த காலத்தது.

உன்னைத் திகைக்க வைக்கலாம் என்றுதான் முன்கூட்டிச் சொல்லவில்லை. மேலிடத்திலிருந்து இரண்டு பேர் ஃபோன் பண்ணிவிட்டார்கள். மலைக்காட்டில் இருபது வருடம் கிடந்த என் அக்காவை நாடு பார்க்கப்போகிறது. ஒரு வார்த்தை பெருமைப்பட்டு எழுது, உனக்குத்தான் அது வராதே.

தம்பி,
லியூபென்


ஒர்லித்சா
1985 மார்ச் 17
(பஸ் ஓட்டுநர் மெத்தோதி கையில்)

லியூபென்,

நலமெல்லாம் அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம். இதைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு படி, படித்ததும் எரித்துவிடு. மெத்தோதிக்கு ஒரு புட்டி பழச்சாராயம் கொடுத்திருக்கிறேன், நீயும் கொடு. நல்லவர், ஆனால் நல்லவர்களுக்கும் தாகம் உண்டு.

அறிவு இருக்கிறதா உனக்கு? அந்தக் கடிதம் உனக்கு எழுதியது இல்லை. வழியில் பிரித்துப் படிப்பவர்களுக்கு எழுதியது. ஊரில் யாராவது என்னைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுத்தால், தலைமையாசிரியை உழைப்புக் கல்வி நடத்துகிறாள் என்று முன்னதாகவே அவர்கள் படித்திருக்கட்டும் என்றுதான் அதை எழுதினேன். நீ எடுத்துப்போய் அச்சுக் கோத்துவிட்டாய்.

நடந்தது இதுதான். ஜனவரியில் பாதையை அடைத்தது பனி இல்லை, ராணுவ வண்டிகள். என் பள்ளியில் பாதிக்கு மேல் துருக்கியக் குடும்பத்துப் பிள்ளைகள் என்பது உனக்குத் தெரியும். வீடு வீடாகப் போய் ஒரு பட்டியலை நீட்டி, பல்கேரியப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தேர்ந்தெடுக்காதவர்களுக்கு அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். பழைய பெயரைச் சொன்னால் அபராதம், அடம்பிடித்தால் தீவுச் சிறை. பத்தாம் வகுப்பில் நஸ்மியே என்று ஒரு பெண், கணக்கில் கெட்டிக்காரி. அவள் அப்பா, "எம் பொண்ணுக்கு நான் ஏற்கெனவே பேரு வச்சாச்சுங்க" என்று மட்டும் சொன்னார். அன்றே கூட்டிப்போய்விட்டார்கள்.

பள்ளி திறந்த முதல் நாள் புதுப் பெயர்களை வாசித்தேன். ஆமாம், வாசித்தேன். ஒரு பிள்ளை எழவில்லை. முரண்டு இல்லை, லியூபென். அது தங்கள் பெயர் என்றே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஒரு பையன் இருபுறமும் திரும்பி யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தான். பழைய பெயரைச் சொன்னால் அந்தப் பிள்ளையையும் கொண்டுபோவார்கள், என்னையும் கொண்டுபோவார்கள். புதுப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண் சொல்லிக் கூப்பிடலாம் என்று யோசித்தேன், எண் கைதிகளுக்கு உரியது. மேசை மேல் தொப்பி கிடந்தது. அவ்வளவுதான் உன் மகத்தான கல்வி முறை.

எனக்குப் பயமாக இருக்கிறது. கதவு தட்டப்படும்போதெல்லாம் முதலில் ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கிறேன். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று இருந்தேன். இப்போது நாடே பார்க்கிறது, உன் புண்ணியத்தில்.

யாரும் இங்கே வராமல் தடு. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நெவேனா


சோஃபியா
1985 ஏப்ரல் 29
(தபாலில்)

அன்புள்ள அக்கா,

நீ அனுப்பிய மருந்து கிடைத்தது. சொன்னபடியே உட்கொண்டு, சுற்றியிருந்த தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. மற்றபடி நலம். இவாங்கா விசாரித்தாள்.

தோழர் கவாசொவ் என்ற கல்வித் துறை மூத்த ஆய்வாளர் மே மாதம் உன் பள்ளிக்கு வருகிறார். உன் முறையைக் கண்ணால் காண மிகுந்த ஆவலாக இருக்கிறார். சாலை மோசம், மழை வரும் என்று சொல்லிப் பார்த்தேன். தனக்கு மழை பிடிக்கும் என்றார்.

பாலாடைக்கட்டிப் பணியாரம் என்றால் உயிரை விடுவாராம்.

லியூபென்


ஒர்லித்சா
1985 மே 19
(மெத்தோதி கையில்)

தம்பி,

உயிரோடு இருக்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கவாசொவ் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நஸ்மியே என் அறைக்கு வந்தாள். ஜனவரிக்குப் பிறகு அவள் வகுப்பில் பேசுவதே அபூர்வம். "டீச்சர், நாளைக்கு யாராச்சும் எம்பேரக் கேட்டா, எங்கப்பா வச்ச பேரத்தான் சொல்லுவேன். இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் என்ன வையாதீங்க" என்றாள். சொல்லாதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எந்த முகத்தோடு சொல்வது? "குளிருது, கோட்டை மாட்டிக்கிட்டுப் போ" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஆய்வாளர் வந்தார். பெரிய உடம்பு, சிரித்த முகம். முறைக்கிற மனிதராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. மூன்று பணியாரம் சாப்பிட்டார், முழங்காலுக்கு வைத்தியம் சொன்னார், பத்தாம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார். தண்ணீர் பதில் சொன்னான், வரைபடம் பதில் சொன்னாள். அவருக்கு ஒரே பூரிப்பு. பாடம் முடிகிற நேரத்தில் எழுந்து பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து, நேராக நஸ்மியே பக்கத்தில் போய் நின்றார்.

"நீ ஒண்ணுமே பேசலியேம்மா. உம் பேரென்ன?"

அவள் எழுந்தாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அப்போது பின்பெஞ்சிலிருந்து ஒக்ன்யான் எழுந்தான். தபால்காரர் மகன், பல்கேரியக் குடும்பம், வாலில்லாக் குரங்கு. நான் அவனை நூறு தடவையாவது வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

"தோழரே, அவ ஜன்னலு. இந்த வாரம் ஒரு நாள்கூடக் கண்ணாடியத் தொடைக்கல. அதான் பேசறதுக்கு வெக்கப்படுது" என்றான்.

வகுப்பு சிரித்தது. ஆய்வாளரும் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்படியா சேதி? சரி, ஜன்னலு, அதைக் கொஞ்சம் தெறந்தாவது விடு. வேர்த்து ஊத்துது" என்றார். நஸ்மியே ஒக்ன்யானைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போய் ஜன்னல் கொக்கியைக் கழற்றினாள்.

தப்பித்தோம் என்று நினைத்தேன். போகும்போது அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"செப்டம்பர்ல நீங்க சோஃபியாவுக்கு வந்துடணும், தோழர். நாடு பூரா இதைச் சொல்லித் தரணும்ல? உங்க எடத்துக்குக் கவலையே வேணாம். பட்டாளத்துல இருந்து ஓய்வான ஒருத்தர் இருக்கார். தெனம் காலைல முற்றத்துல நிக்க வச்சு ஒவ்வொரு பேரா வாசிப்பார். ஒழுங்குன்னா அப்படி ஒரு ஒழுங்கு."

புரிகிறதா, லியூபென்? அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. பட்டாளத்துக்காரர் பெயர் வாசிக்கிற முதல் காலையிலேயே அவள் தன் பெயரைச் சொல்வாள். அப்பா போன வழியில் போவாள். அவளைப் பார்த்து இன்னும் எத்தனை பேர் சொல்வார்களோ தெரியாது. அவள் படிப்பு முடிகிற வரை நான் இந்த நாற்காலியில் இருந்தாக வேண்டும்.

நான் மறுத்தால் காரணம் கேட்பார்கள். என்னைத் தூக்கி மேலே வைத்தது நீ. நீயே இறக்கு.

அக்கா


சோஃபியா
1985 ஜூன் 23
(மெத்தோதி கையில்)

அக்கா,

நலமாக இருக்கிறாயா? ஐந்து வாரம் பதில் எழுதாததற்கு நீ என்னைத் திட்டியிருப்பாய், நியாயம்தான்.

ஆசிரியரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன், அக்காவுக்கு மலைக்காற்றுத்தான் ஒத்துக்கொள்ளும் என்று. அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பதவி வேணாம்னு யாருய்யா சொல்லுவா? அப்படிச் சொன்னா அங்க என்ன இருக்குன்னு பாக்கத் தோணும்ல?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

எனக்கு இரண்டு குழந்தைகள். இவாங்காவின் அண்ணன் வெளிநாட்டுக்கு ஓடிப்போன விஷயம் ஏற்கெனவே எங்கள் போலீஸ் கோப்பில் இருக்கிறது. இதற்கு மேல் நான் வாயைத் திறக்க முடியாது. வந்துவிடு, அக்கா. இங்கே குழாயில் வெந்நீர் வரும், முழங்காலுக்கு நல்ல டாக்டர் இருக்கிறார். உன்னால் முடிந்ததைச் செய்துவிட்டாய். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் நீ ஒருத்தி சுமக்க முடியாது.

என்னை மன்னித்துவிடு.

லியூபென்


ஒர்லித்சா
1985 ஜூலை 8
(தபாலில்)

தம்பிக்கு,

சுகம். புகையிலை அறுவடை நடக்கிறது, மாணவர்கள் வயலில் இருக்கிறார்கள். வெயில் பரவாயில்லை.

மார்ச் மாதம் நீ அனுப்பிய சிவப்பு வெள்ளை நூலை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மரத்தில் கட்ட மறந்துபோனது.

குழந்தைகளைக் கேட்டதாகச் சொல்.

நெவேனா


சோஃபியா
1985 செப்டம்பர் 2
(தபாலில்)

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வீட்டில் யாவரும் நலம். உன் உடல்நலம் குறித்து அறிய விரும்புகிறேன்.

ஓர் அலுவல் செய்தி. உன் முறையைப் பற்றி மேலிடத்துக்கு நான் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தேன். ஒரு புதிய முறையை, அது பிறந்த பள்ளியிலேயே, அதைத் தொடங்கியவரைக் கொண்டே, ஒரு முழு வருடமாவது நடத்திப் பார்க்காமல் நாடெங்கும் பரப்புவது அறிவியல் ஆகாது என்று எழுதினேன். அறிவியல் என்று எழுதிவிட்டால் இங்கே யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. தோழர் கவாசொவ் முதலில் முகம் சுளித்தார், பிறகு அது தன்னுடைய யோசனை என்றே நம்பத் தொடங்கிவிட்டார். ஆகவே அடுத்த கோடை வரை நீ இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். மாதா மாதம் ஆள் வந்து பார்ப்பார்கள்.

அந்தப் பள்ளியில் நடக்கும் அனைத்துக்கும் பொறுப்பேற்பவர் யார் என்று தாளின் அடியில் ஓர் இடம் காலியாக இருந்தது. என் பெயரை எழுதினேன். அப்பா பெயர், குடும்பப் பெயர் எல்லாம் சேர்த்து முழுப் பெயர். இரண்டு இடத்தில் மை சிந்திவிட்டது. இப்போதெல்லாம் காபி அதிகமாகக் குடிக்கிறேன்.

நூலைப் பூங்காவில் ஒரு மரத்தில் கட்டிவிட்டேன். செப்டம்பரில் கட்டிய முதல் பைத்தியம் நானாகத்தான் இருப்பேன்.

தம்பி,
லியூபென்


ஒர்லித்சா
1986 மே 27
(மெத்தோதி கையில்)

என் தங்கத் தம்பி,

நன்றாக இருக்கிறாயா? தூங்குகிறாயா? இந்த வருடம் முழுக்க உனக்குச் சளியைப் பற்றியும் காலுறையைப் பற்றியுமே எழுதினேன். எழுதாததெல்லாம் உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வருடத்தை ஓட்டிவிட்டோம். மாதம் ஒருமுறை ஆள் வந்தார், குறிப்பெடுத்தார், பணியாரம் சாப்பிட்டார், போனார். ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு வயது கூடியது. நேற்று வகுப்பு முடிந்து போகிறவர்களுக்கு விழா. சான்றிதழை மட்டும் தொப்பியில் போட்டுக் கொடுக்க முடியவில்லை. மேடையில் கவாசொவே நின்று அச்சடித்த பெயர்களை வாசித்தார். நஸ்மியே கடைசி வரிசையில் நின்றாள். அவளுக்குக் கொடுத்த பல்கேரியப் பெயரை அவர் வாசித்தார், யாரும் நகரவில்லை. ஒக்ன்யான் அவள் முதுகில் மெல்லக் கை வைத்தான். அவள் போனாள், தாளை வாங்கினாள், அதைப் பார்க்காமலே மடித்தாள்.

பிறகு தெருவில் இறங்கினார்கள். வழக்கம்தானே, படித்த வகுப்புகளை ஒன்று, இரண்டு என்று தொண்டை கிழிய எண்ணிக்கொண்டு ஊரைச் சுற்றுவது. நாமும் சுற்றினோம், மறுநாள் உனக்குக் குரலே இல்லை. காவல் நிலையத்துக்கு எதிரே வந்ததும் நின்று எண்ணினார்கள். கடைசி வகுப்பு வரை எண்ணி முடித்தார்கள். வழக்கமாக அங்கே கைதட்டல். கைதட்டவில்லை. ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு முறை கத்தினார்கள்.

அவரவர் பெயரை, லியூபென். அப்பா அம்மா வைத்த பெயரை. அத்தனை பேரும் ஒரே நொடியில். பல்கேரியப் பிள்ளைகளும் தங்கள் பெயரைக் கத்தினார்கள். ஒக்ன்யான் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான், பக்கத்தில் நின்றவளின் குரல் தன் குரலுக்கு அடியில் மறையட்டும் என்று. எது யாருடையது என்று யாருக்கும் பிரித்தெடுக்க முடியாத இரைச்சல். ஆனால் எனக்குக் கேட்டது. ஒன்றரை வருடமாக நான் வாய்க்குள் வைத்திருந்த ஒவ்வொரு பெயரும் எனக்குக் கேட்டது. தெருவில் நின்று அழுதேன், வெட்கமாக இல்லை.

காவல் நிலையத்து அதிகாரி படி இறங்கி வந்தார்.

"என்ன தோழர், என்ன கத்துறாங்க?"

"எண்ணுறாங்க."

"அது தெரியுது. கடைசியா ஒண்ணு கத்துனாங்களே, அது எத்தனாவது?"

"அதுக்கு அடுத்தது" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். யார் யார் என்ன கத்தினார்கள் என்று பெயர் பெயராகக் கேட்பார்களாம். எனக்கு என்ன தெரியும்? அடுப்பைத் தெரியும், ஜன்னலைத் தெரியும், மணியைத் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டே பழக்கமில்லாதவள் என்று உன் பத்திரிகையே சாட்சி சொல்கிறதே. முழுப் பக்கம், படத்தோடு.

பயம் போகவில்லை. போகும் என்று நினைத்தேன், போகவில்லை. பையில் இரண்டு ஜோடிக் காலுறை வைத்திருக்கிறேன்.

உன் அக்கா


சோஃபியா
1986 ஆகஸ்ட் 20
(தபாலில்)

அன்புள்ள அக்கா,

நலமா? இது நான் எழுதும் நான்காவது கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை. மெத்தோதியை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டதாகப் பஸ் நிலையத்தில் சொன்னார்கள்.

நாங்கள் நலம். நான் இப்போது பத்திரிகையில் இல்லை, காகிதக் கிடங்கில் இருக்கிறேன். ரீல்களை உருட்டுவதால் தோள் பலப்பட்டிருக்கிறது. இவாங்கா எனக்குப் பிடித்த பீன்ஸ் சூப் அடிக்கடி வைக்கிறாள்.

உன் வீட்டு ஜன்னல் எப்படி இருக்கிறது? காற்று உடைத்துவிடவில்லையே? அதை மட்டுமாவது எழுது. ஒரு வரி போதும்.

தம்பி


ஒர்லித்சா
1986 நவம்பர் 24
(தபால் அட்டை)

லியூபெனுக்கு,

இருக்கிறேன். கொஞ்ச காலம் எழுத வசதிப்படாத இடத்தில் இருந்தேன், இப்போது வீட்டில்தான். காலுறை உதவியது. உன் தோளுக்குச் சுளுக்குப் பிடிக்காமல் பார்த்துக்கொள்.

ஜன்னல் பத்திரம். பக்கத்து ஊர்த் தையல் ஆலையில் வேலை செய்கிறது. அதன் அப்பாவும் திரும்பிவிட்டார், இளைத்துப்போய்.

பள்ளிக்குப் புதுத் தலைமையாசிரியர் வந்தாயிற்று. காலையில் முற்றத்தில் நிறுத்திப் பட்டியல் வாசிக்கிறார். என்னைத் துரத்திவிடவில்லை, அதே பள்ளியில் அடுப்பு மூட்டும் வேலை கொடுத்திருக்கிறார்கள். முழங்காலுக்குச் சூடு நல்லது.

பட்டியல் வாசிப்பு முடிந்ததும் பிள்ளைகள் குளிர்காய என்னிடம் வருகிறார்கள். போகும்போது ஆளுக்கு ஒரு வார்த்தை காதோடு சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தர் சொல்வதில்லை. நான் விறகைத் தள்ளிவிட்டு அதை ஒருமுறை அவர்களுக்கே திருப்பிச் சொல்கிறேன், மறந்துவிடக் கூடாது அல்லவா. இந்த வயதிலும் எனக்கு ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது.

அக்கா,
அடுப்பு